மூக்கில் பஞ்சு வைத்தால்தான் பறக்கும்!

சொந்தமாக ஏரோப்ளேன் வைத்திருக்கிறவர் என்றதும் நம் மனசில் ஒரு படம் ஓடும். வெள்ளை சூட், கறுப்புக் கண்ணாடி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வரும் பி.ஏ! பழைய சினிமாவில் கதாநாயகியின் அப்பா மாதிரி.

என் பெரியப்பா பையன் அந்த ரகமில்லை. அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஏரோப்ளேன் உண்டு. ஆனால் சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் அரை டிரவுசரும் சாயம் போன டி-ஷர்ட்டுமாக, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அதன் மூக்குக்குக் கீழே குந்திக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஃப்ளாஸ்க்கில் வீட்டுக் காபி. வெளியே குடித்தால் நாலு டாலராம்!

அதுவும் முழு ஏரோப்ளேன் இல்லை. கால் ஏரோப்ளேன். அண்ணன், ஒரு பல் டாக்டர், ரிட்டயரான ஒரு பள்ளிக்கூட டீச்சர், ஒரு தபால்காரர் என்று நாலு பேர் கூட்டுச் சேர்ந்து வாங்கிய 1976 மாடல் செஸ்னா 172. நாலு ஸீட், ஒரே இன்ஜின், மேலே இறக்கை. 1956-லிருந்து விற்பனைக்கு வந்து இதுவரை 44,000-க்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். உலகத்தில் இத்தனை எண்ணிக்கையில் செய்த விமானம் வேறு கிடையாது. விமானங்களில் இது ஒரு அம்பாஸடர் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கினால் நாலு லட்சம் டாலருக்கு மேல். பழசென்றால் அதில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கையும் நாலாக வகுத்தால் தபால்காரருக்கும் எட்டுகிறது.

நான் பி.காம். இறக்கை, ப்ரொபெல்லர் எல்லாம் எனக்கு அப்புறம்தான். போயிருந்தபோது முதல் வேலையாக அவர்களுடைய கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஷெட் வாடகை, இன்ஷூரன்ஸ், வருஷாந்திரப் பரிசோதனை, பெட்ரோல்... அதற்குக் கீழே 'இன்ஜின் நிதி' என்று ஒரு பத்தி. பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 15 டாலர் எடுத்துத் தனியாக வைக்கிறார்கள்.

"இது எதுக்கு அண்ணா?"

"இன்ஜினுக்கு 2,000 மணி நேரம் ஆச்சுன்னா மொத்தமா பிரிச்சு மேயணும்டா. இன்னிக்கு நிலவரத்துல முப்பதாயிரம் டாலர் சுலபமா ஓடிடும். அதான் இப்பலேருந்தே சேத்து வைக்கிறோம்."

முப்பதாயிரத்தை இரண்டாயிரத்தால் வகுத்தால் பதினைந்து. சுத்தமான தேய்மான நிதி! எங்கள் காலேஜ் அக்கௌண்டன்ஸி லெக்சரர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இன்ஜின் 2,000 மணி நேரம் உழைக்க வேண்டும். 1,200 மணியிலேயே அது படுத்துக்கொண்டால்? மீதி 800 மணிக்கு, மணிக்குப் பதினைந்து... 12,000 டாலர் துண்டு விழும்! இன்ஜினை அப்படி அற்பாயுசில் சாகடிக்கக்கூடிய எதிரிகளில் ரொம்ப மலிவானது, ஊரெல்லாம் இலவசமாகக் கிடைப்பது: தூசி.

இந்த விமானத்தில் இருப்பது லைகமிங் ஓ-320 என்கிற இன்ஜின். பேரில் உள்ள 320, அதன் சிலிண்டர்களின் கொள்ளளவு கன அங்குலத்தில். நம் கணக்கில் 5.2 லிட்டர். நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுற்றும்போது ஐயாயிரம் லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. நிமிஷத்துக்கு! ஒரு சராசரி படுக்கையறையின் காற்றை ஏழெட்டு நிமிஷத்தில் குடித்து முடித்துவிடும். அவ்வளவு காற்றும் வருவது விமானத்தின் மூக்கில், ப்ரொபெல்லருக்குப் பின்னால், கீழ்ப்பக்கமாக உள்ள ஒரே ஒரு வாய் வழியாக. அந்த வாயில் வைத்திருக்கும் வடிகட்டிதான் ஏர் ஃபில்டர். ஒரு நீள்சதுரச் சட்டம், நடுவே எண்ணெய்ப் பிசுக்குள்ள கறுப்புப் பஞ்சு.

நம்மூரில் மூக்கில் பஞ்சு வைத்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். இங்கே எடுத்துவிட்டால்தான் முடியும்.

ஃபீனிக்ஸ் பாலைவன ஊர். கோடைக் கடைசியில் 'ஹபூப்' என்று ஒரு புழுதிச் சுவர் எழும்பி வரும். 2011 ஜூலை 5-ம் தேதி வந்தது ஐயாயிரம் அடிக்கு மேல் உயரம். நகரத்தையே மூடிவிட்டது. விமானத்தை ஷெட்டில் பூட்டி வைத்தாலும் மறுநாள் இறக்கையில் விரலால் பேர் எழுதலாம். இந்தப் புழுதியில் பாதிக்கு மேல் மணல்தான். மணல் துகள் சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினம். உள்ளே போனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்த கதைதான். முதலில் ரிங் தேயும், அப்புறம் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் பலம் குறையும்.

சரி, பஞ்சை மாற்றாமல் அடைத்துக்கொண்டே போகவிட்டால் தூசி உள்ளே போகாதே என்று கேட்பீர்கள். அடைத்துக்கொண்டால் காற்றும் போகாது, ஸார். ஃபீனிக்ஸ் கோடையில் 45 டிகிரி அடிக்கும்போது காற்று ஏற்கெனவே லேசாகிவிடுகிறது. இன்ஜினுக்கு முழு பலம் கிடைக்காது. அந்த நேரத்தில் மூக்கும் அடைத்திருந்தால், ஓடுபாதையின் கடைசி வேலி ரொம்பப் பக்கத்தில் வந்து குசலம் விசாரிக்கும்.

ஃபில்டரில் மூன்று ஜாதி. ஒன்று மேலே சொன்ன ஈரப் பஞ்சு. பஞ்சை மட்டும் தனியாக வாங்கலாம், உத்தேசமாக இருபது முப்பது டாலர். நூறு மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது தூக்கிப் போட்டுவிட வேண்டும். துவைத்துத் திரும்ப மாட்டுவது கூடாது. இரண்டாவது, மடிப்பு மடிப்பான காகிதம். அதைவிட விலை கூட, ஆனால் கூடுதல் நாள் வரும். மூன்றாவது, பருத்தித் துணி. சில நூறு டாலர். கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவித் திரும்பத் திரும்பப் போடலாம். எண்ணெயை அதிகமாகத் தடவினாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு. கழுவுகிற ஆள் சோம்பேறியாக இல்லாத வீட்டுக்கு அது லாபம்.

எங்கள் நால்வர் கூட்டணி பஞ்சுக் கட்சி. எல்லோருமாக வருஷத்துக்கு 200 மணி நேரம் பறக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு பஞ்சு, ஐம்பது டாலர். மணிக்கு 25 சென்ட்! இதற்கு மேல் எங்கே மிச்சம் பிடிக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். பல் டாக்டர் நினைக்கவில்லை.

ஒரு நாள் அவர் கார் சாமான் கடையிலிருந்து ஒரு பஞ்சு ஷீட்டோடு வந்தார். பார்வைக்கு அதே கறுப்பு, அதே கனம். கத்தரியால் வெட்டினால் எட்டு ஃபில்டர் தேறும். மொத்த விலை பத்து டாலர். "ஒரே பஞ்சு, விமானத்துக்குன்னு சொன்னா விலை இருபது மடங்கா?" என்பது அவர் கட்சி.

நியாயமான கேள்விதான். என் பி.காம் மூளையும் அவர் பக்கமே சாய்ந்தது. விமானச் சாமானின் விலையில் சாமான் கொஞ்சம், காகிதம் நிறைய. அமெரிக்காவில் விமான உதிரி பாகம் செய்து விற்க வேண்டுமானால், விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் 'பி.எம்.ஏ.' என்ற அனுமதி வாங்க வேண்டும். டிசைனைக் காட்டி, சோதித்து, ஒவ்வொரு மாடலுக்கும் பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும். விற்பதோ காரைப்போல லட்சக்கணக்கில் இல்லை. போதாக்குறைக்கு கோர்ட்! விமானம் விழுந்தால் பாகம் செய்தவன் மேல் வழக்கு. இந்த நஷ்ட ஈட்டு வழக்குகளுக்குப் பயந்து செஸ்னா கம்பெனியே 1986-ல் சின்ன விமானம் செய்வதை நிறுத்திவிட்டது. பதினெட்டு வருஷத்துக்கு மேல் பழசான விமானத்துக்காகத் தயாரித்தவன் மேல் வழக்குப் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான், 1996-ல் 172-ஐத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. ஆக, அந்த முப்பது டாலர் பஞ்சில் வக்கீல் ஃபீஸும் கொஞ்சம் ஊறியிருக்கிறது.

கேஸ் மெக்கானிக்கிடம் போனது. வருஷாந்திரப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். எழுபது வயதிருக்கும். பஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"பஞ்சு நல்ல பஞ்சாவே இருக்கலாம் டாக்டர். இதுக்கு லாக் புஸ்தகத்துல என்ன பேர் எழுதி நான் கையெழுத்துப் போடட்டும்?"

டாக்டர் விடவில்லை. சட்டம் படித்துவிட்டு வந்திருந்தார். விமானத்தின் சொந்தக்காரர் தன் விமானத்துக்கு வேண்டிய பாகத்தைத் தானே செய்துகொள்ளலாம் என்று அமெரிக்க விதியில் உண்மையிலேயே ஒரு வழி இருக்கிறது. அதைக் காட்டினார்.

"தாராளமா செய்யலாம். இது என்ன கெமிக்கல்? எவ்வளவு தூசியைப் பிடிக்கும்? நெருப்புப் பட்டா உருகுமா, எரியுமா? ஒரிஜினலுக்குக் குறையாதுன்னு எழுத்துல காட்டுங்க. நான் மறுவார்த்தை பேசமாட்டேன்."

டாக்டர் பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொண்டார். இப்போது அது அவர் நாய்க்குப் படுக்கை.

நெருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறீர்களா? குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடிப்போனால் சில சமயம் அது பின்பக்கமாகத் தும்மும். தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி ஃபில்டரை நோக்கி வரும். அங்கே எண்ணெய் தோய்த்த எது இருக்கிறது, அது என்ன ரகம் என்பது அந்த விநாடியில் ரொம்ப முக்கியம். இன்னொரு ஆபத்து, ஃபில்டரே பிய்ந்து உள்ளே போவது. 1984-ல் எஃப்.ஏ.ஏ. ஒரு கட்டாய உத்தரவு போட்டது: செஸ்னா விமானங்களில் காகித ஃபில்டருக்கு 500 மணி நேரம்தான் ஆயுள், அதற்குப் பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கி எறி! நைந்த காகிதத் துண்டு இன்ஜினுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. 1996-ல் இன்னொரு உத்தரவு. சிலவகை ஃபில்டர் சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் பிய்ந்து கார்புரேட்டருக்குள் போகலாம், சோதித்துப் பார் என்று. பைக் என்றால் இன்ஜின் நின்றதும் ஓரம் கட்டலாம். ஆயிரம் அடி உயரத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

அப்படியென்றால் மலிவாக முடிக்க வழியே இல்லையா? இருக்கிறது. பஞ்சில் இல்லை, கூலியில். ஒர்க்ஷாப்பில் கூலி மணிக்கு நூறு டாலரைத் தாண்டும். ஐந்து நிமிஷ வேலைக்கும் ஒரு மணி நேரம் போட்டுவிடுவார்கள். முப்பது டாலர் பஞ்சை மாட்ட நூறு டாலர் கூலி! (சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று இதற்காகத்தான் சொல்லி வைத்தார்கள்.) ஆனால் அமெரிக்காவில் பைலட் லைசென்ஸ் உள்ள சொந்தக்காரர், வாடகைக்கு விடாத தன் விமானத்துக்குச் சில்லறைப் பராமரிப்பு வேலைகளைத் தானே செய்துகொள்ளலாம். எஃப்.ஏ.ஏ. விதி 43-ன் பின்னிணைப்பில் முப்பது சொச்சம் வேலைகளின் பட்டியல் இருக்கிறது. டயர் மாற்றுவது, ஸ்பார்க் ப்ளக் கழற்றிச் சுத்தம் பண்ணுவது, பாட்டரி, எண்ணெய் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர்...

பட்டியலை நான் இரண்டு தரம் படித்தேன். ஆடிட் ஆபீஸில் கொஞ்ச நாள் குப்பை கொட்டிய பழக்கம். காற்று ஃபில்டர் பேர் சொல்லி அதில் இல்லை!

"அண்ணா, உங்க வேலை லிஸ்ட்லயே இல்லையே?"

அண்ணன் சிரித்தார். "எல்லாரும் கேக்கற கேள்விடா. 2009-ல எஃப்.ஏ.ஏ. சட்டப் பிரிவே விளக்கம் குடுத்திருக்கு. லிஸ்ட்ல இருக்கறதோட நிக்கணும்னு இல்ல. சாதாரண சின்னச் சாமானை, பெருசா எதையும் பிரிக்காம மாத்தறதும் இதே கணக்குல வரும்."

செய்யலாம். ஆனால் செய்ததை எழுதியாக வேண்டும். என்ன வேலை, எந்தத் தேதி, கையெழுத்து, லைசென்ஸ் நம்பர், எந்த வகை லைசென்ஸ். இத்தனையும் விமானத்தின் லாக் புஸ்தகத்தில் ஏற வேண்டும். ஆபீஸில் வருகைப் பதிவேட்டில் ஒன்பதே காலுக்கு வந்துவிட்டு 'ஒன்பது' என்று கிறுக்குகிறோமே, அந்த ரகக் கையெழுத்து இல்லை இது. நாளைக்கு ஏதாவது ஆனால் முதலில் புரட்டுகிற பக்கம் அதுதான்.

இந்தக் கூட்டணிக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஐம்பது மணிக்கொரு தரம் இன்ஜின் ஆயில் மாற்றும்போது பழைய எண்ணெயில் கொஞ்சம் ஒரு குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்புவார்கள். நம்முடைய ரத்தப் பரிசோதனை மாதிரிதான். எண்ணெயில் இரும்பு எவ்வளவு, அலுமினியம் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று சீட்டு வரும். சிலிக்கான் என்றால் கம்ப்யூட்டர் சமாசாரம் இல்லை, மணல்! உள்ளே மண் போகிறதா என்று ஃபில்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெய் சொல்லிவிடும்.

சொன்னது. ஒரு சீட்டில் சிலிக்கான் 7. அடுத்ததில் 11. அதற்கடுத்ததில் 19. இரும்பும் கூடவே மெதுவாக ஏறியிருந்தது.

பஞ்சு தவறாமல் மாற்றியிருக்கிறார்கள். பிறகு எப்படி? டீச்சரம்மாதான் முதலில் கேட்டார், "யாராவது தரையில கார்ப் ஹீட்டை ரொம்ப நேரம் இழுத்து வெக்கறீங்களா?" கார்புரேட்டரில் பனிக்கட்டி உறையாமலிருக்கச் சூடான காற்றைத் திருப்பிவிடும் குமிழ் அது. அதை இழுத்தால் காற்று சைலன்ஸர் பக்கமாகச் சூடேறி வரும். ஃபில்டர் வழியாக வராது! மேலே பறக்கும்போது பரவாயில்லை, அங்கே தூசி குறைவு. புழுதித் தரையில் நின்றுகொண்டு இழுத்தால் மண்ணைக் கரண்டியால் ஊட்டுவது போல. புறப்படுமுன் சோதிக்க ஒரு சில விநாடி போதும். தபால்காரர், தான் ஒரு நிமிஷம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ப்ரொபெல்லரைப் பார்த்தார்.

ஆனாலும் இரும்பு ஏறுகிற அளவுக்கு அது மட்டும் காரணமாக இருக்காது என்றார் மெக்கானிக். சட்டத்தைப் பார்க்கலாம் என்றார். ஷெட் கதவை மூடி இருட்டாக்கிவிட்டு, ஃபில்டர் சட்டத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தார். மேல் விளிம்பில், விரல் நீளத்துக்கு ஒரு வெளிச்சக் கீற்று. ரப்பர் கெட்டித்துப் போய்ச் சுருங்கியிருந்தது. நகக்கண் கனம்தான் இடைவெளி. புதுப் பஞ்சு, நல்ல பஞ்சு, அனுமதி பெற்ற பஞ்சு. காற்றுக்கு அதைப்பற்றி என்ன? பஞ்சு வழியாகக் கஷ்டப்பட்டுப் போவதைவிடச் சந்து வழியாகச் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது, மண்ணையும் அழைத்துக்கொண்டு. எத்தனை மாசமாகவோ.

நான் போயிருந்த சனிக்கிழமைதான் புதுச் சட்டம் வந்தது. சட்டத்தை மாட்டுவது மெக்கானிக் வேலை. சொந்தக்காரர் தொடக்கூடாது. பஞ்சு அண்ணன் வேலை. பழைய பஞ்சை வெளியே எடுத்தபோது பார்த்தேன். பாதிக்கு மேல் காவி நிறம், இரண்டு வெட்டுக்கிளி, ஒரு பறவையின் பூஞ்சிறகு. அண்ணன் புதுப் பஞ்சைப் பொட்டலத்திலிருந்து எடுத்தார். மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எது என்று பார்த்தார். நாலு மூலையிலும் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவினார். கம்பி வலையை மூடித் திருகினார். திரும்ப ஷெட் கதவைச் சாத்தி டார்ச் அடித்தோம். கீற்று இல்லை. மொத்தம் இருபது நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் கீழே உருண்ட திருகாணியைத் தேடியது.

லாக் புஸ்தகத்தில் மெக்கானிக் தன் பங்கை எழுதி, கட்டை விரல் கனத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டார். அடுத்த வரி அண்ணனுடையது. தேதி எழுதினார், வேலையை எழுதினார், பஞ்சின் பாக நம்பரைப் பொட்டலத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூடிவிட்டுத் திரும்ப விமானத்துக்குப் போய், நாலு திருகையும் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் ஸெடோனாவுக்குப் பறப்பதாக ஏற்பாடு. மலை உச்சியில் ஓடுபாதை, பக்கத்திலேயே ஹோட்டல், காலை டிபன். அண்ணி முன் ஸீட். பின் ஸீட்டில் ஏழாவது படிக்கும் பெண்ணும் நானும்.

"ஏன்ணா, ஒரு தரம் பாத்தாச்சே?" என்றேன்.

"பாத்தேன். கையெழுத்துப் போடலையே" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

ஐம்பது மணி கழித்து லேபிலிருந்து வந்த சீட்டை அண்ணன் எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். சிலிக்கான் 9. இரும்பும் இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்தது தேய்ந்ததுதான், இன்ஜின் 2,000 மணியை எட்டுமா என்பது இனிமேல் வரும் சீட்டுகளில்தான் தெரியும். இன்ஜின் நிதியை மணிக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டு டாலராக உயர்த்திவிட்டார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், பல் டாக்டர்!